828 மீட்டரில் பொறியியல் எவ்வளவு?

துபாயின் புர்ஜ் கலீஃபாவை வடிவமைத்தவர்களுக்கு எடையைவிடப் பெரிய தலைவலி காற்று. உயர்ந்த கட்டடத்தில் மோதும் காற்று இருபுறமும் பிரிந்து, பின்னால் சுழல்களாகக் கழன்று போகிறது. அவை இடமும் வலமுமாக மாறி மாறிக் கழலும்போது கட்டடம் பக்கவாட்டில் ஆடுகிறது. தைபே 101, உள்ளே 660 டன் எஃகு உருண்டையைத் தொங்கவிட்டு இந்த ஆட்டத்தை அடக்கியது. புர்ஜில் அப்படி எதுவும் இல்லை.

அங்கே அந்த வேலையைச் செய்வது வடிவம்தான். எஸ்.ஓ.எம். நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தும் பொறியாளர் பில் பேக்கரும் நடுவே அறுகோணக் கான்கிரீட் கூடு ஒன்றை நிறுத்தி, மூன்று சிறகுகளால் அதற்கு முட்டுக் கொடுத்தார்கள். இதே நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய, கிழக்கு வங்கத்தில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான், சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்தில் வலுவை வெளிச்சட்டகங்களில் வைத்தவர். பேக்கர் அதை மையத்துக்குக் கொண்டுவந்தார். மேலே போகப் போகச் சிறகுகள் ஒரே மட்டத்தில் குறுகாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிச் சுற்றிப் பின்வாங்குகின்றன. ஒவ்வொரு உயரத்திலும் காற்று சந்திக்கும் அகலம் வேறு என்பதால், சுழல்கள் ஒரே தாளத்தில் தள்ள வழியில்லை. கனடாவின் காற்றுச் சுரங்கத்தில் மாதிரிகளை வைத்து 40-க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. அவற்றின் முடிவைப் பார்த்துக் கட்டடத்தையே 120 பாகை திருப்பினார்கள். தைபேயைச் சற்று மிஞ்சினால் போதும் என்று தொடங்கிய உயரம் வளர்ந்துகொண்டே போனது.

கீழே கடும்பாறை கிடையாது. 1.5 மீட்டர் விட்டமும் சுமார் 43 மீட்டர் நீளமும் கொண்ட 192 கான்கிரீட் பைல்கள் (நிலத்துக்குள் இறக்கிய அடித்தளத் தூண்கள்), சுற்றியுள்ள மென்பாறையோடு உரசும் பிடிப்பில்தான் கோபுரத்தைத் தாங்குகின்றன. அவற்றை அரிக்கக்கூடிய நிலத்தடி நீரோ கடல்நீரைவிட உப்பு.

கான்கிரீட்டின் கதை இன்னும் சுவையானது. 600 மீட்டருக்கு மேல், இடையில் எங்கும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் அதை பம்ப் செய்ய வேண்டும். கலவை குழாயிலேயே இறுகிவிட்டால் எல்லாம் போச்சு. அதனால் வேலை மேலெழும்புவதற்கு முன்பே தரையில் நீளமாகக் குழாய் பதித்து, பல இடங்களில் அரைவட்டமாக வளைத்து, அந்த உயரத்துக்கு ஆகும் அழுத்த இழப்பை வரவழைத்துச் சோதித்தார்கள். உயரம் கூடக் கூட ஜல்லி சிறுத்தது: கீழே 20 மி.மீ. (நம் கொத்தனார்கள் சொல்லும் முக்கால் ஜல்லி), பிறகு 14, உச்சியில் 10. கோடையில் தண்ணீரோடு பனிக்கட்டியும் கலந்து, இரவில்தான் கான்கிரீட் போட்டார்கள். போட்டவர்களில் பெரும்பாலோர் தெற்காசியத் தொழிலாளர்கள். குறைந்த கூலியும் நடத்தப்பட்ட விதமும் பொறுக்காமல் 2006 மார்ச்சில் அந்தத் தளத்திலேயே அவர்கள் கொந்தளித்தார்கள். 2010 ஜனவரித் திறப்பு விழாவின் வாணவேடிக்கையில் அது யாருக்கும் நினைவிருந்திருக்காது.

இவ்வளவும் பாராட்டுக்குரியதே. ஆனால் 828 என்ற எண்ணையும் சேர்த்துப் பாராட்ட வேண்டுமா? உச்சியில் உள்ள எஃகு ஊசியைக் கட்டடத்துக்குள்ளேயே பூட்டி, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் மேலே தள்ளி ஏற்றினார்கள். அபாரமான வித்தை, சந்தேகமில்லை. அதில் குடியிருக்கத்தான் யாருமில்லை. உயரப் பட்டியலை நிர்வகிக்கும் சிகாகோ அமைப்பு 2013-இல் போட்ட கணக்குப்படி, மக்கள் புழங்கும் கடைசித் தளத்துக்கு மேல் புர்ஜில் 244 மீட்டர் இருக்கிறது.

ஷாங்காய் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உயரம் 632 மீட்டர். பட்டியலில் புர்ஜுக்கு 196 மீட்டர் கீழே. ஆள் புழங்கும் உச்சித் தளத்தை வைத்து அளந்தால் புர்ஜ் சுமார் 585, ஷாங்காய் சுமார் 583. வித்தியாசம் இரண்டே மீட்டர்! பேக்கரின் சாதனை இதனால் ஒரு துளியும் குறையாது, ஏனென்றால் அது முட்டுக் கொடுத்த அந்த மையக்கூட்டில் இருக்கிறது. விளம்பரப் பலகைக்குப் போவதென்னவோ ஊசியின் நுனிதான்.

ஸ்மித் அடுத்து வடிவமைத்த ஜெத்தா கோபுரத்துக்கும் அதே மூன்று சிறகுகள்தான். படிப்படியாகப் பின்வாங்குவதற்குப் பதிலாகச் சீரான சரிவு, இலக்கு 1,000 மீட்டருக்கு மேல். 2018-இல் வேலை நின்றதற்குக் காற்றோ கான்கிரீட்டோ காரணமல்ல. 2017 நவம்பரில் சவூதி அரசு நடத்திய ஊழல் தடுப்புக் கைதுகளில் ஒப்பந்த நிறுவனத்தின் தலைவரும் சிக்கியிருந்தார். 2025 ஜனவரியில் மீண்டும் கான்கிரீட் போடத் தொடங்கியிருக்கிறார்கள்.