மறக்கட்டுமே

மூன்று இலக்கியப் புலனக் குழுக்களிலிருந்து ஒரே இரவில் வெளியேறினேன். முகநூலையும் மூடிவிட்டேன். “எல்லாரும் உன்னை மறந்துடுவாங்கடா” என்றான் நண்பன். மறக்கட்டுமே. தினமும் தலை காட்டினால்தான் ஞாபகம் இருக்கும் என்றால், அவர்கள் என் கவிதையைப் படித்ததே இல்லை.

இப்போது சனிக்கிழமைக் காலைகளில் பழைய ரயில் பாதையில் நடக்கிறேன். 2011இல் ரயில் நின்றுபோன, உட்லண்ட்ஸுக்கும் தஞ்சோங் பகாருக்கும் இடைப்பட்ட 24 கிலோமீட்டர் தடம். கைப்பேசி வீட்டில். புக்கிட் தீமா இரும்புப் பாலத்தில் செல்ஃபிக்கு வரிசை நிற்கும். பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள்.

நாமும் அப்படித்தான் எழுதுகிறோம். நம் கவிதைகளில் குறிஞ்சி பூக்கிறது. எத்தனை பேர் அதைப் பார்த்தோம்? புளோக்குக்கு எதிரே நிற்கும் மரத்தின் பெயர் கேட்டால் கூகுளில் தேடுகிறோம். ஐந்திணை வகுத்தவர்கள் மண்ணில் நடந்தவர்கள், ஐயா! திரையைத் தள்ளித் தள்ளி யாரும் திணை கண்டதில்லை.

“இணையம் இல்லாம இங்க நமக்கு வாசகனே இல்ல” என்பார்கள். சரி, வாசகனை அங்கே தேடுங்கள். எழுத வேண்டியதையும் ஏன் அங்கேயே தேடுகிறீர்கள்?

என் புளோக்குக்கு எதிரே நிற்பது தூங்குமூஞ்சி மரம். பொழுது சாய்ந்தால் இலைகளை மடித்துக்கொள்ளும். வானம் இருட்டினாலும் மடித்துக்கொள்ளும். எப்போது மூடிக்கொள்ள வேண்டும் என்று மரத்துக்குத் தெரிகிறது. இரவு 2 மணிக்கும் நமக்குத் தெரியவில்லை.

அடுத்த கவிதைக்கு முன்னால் ஒரு மைல் நடந்துவிட்டு வாங்க. போனதை யாருக்கும் சொல்ல வேண்டாம்.