ரப்பருக்கு முன் ரோட்டர்

நாலு விசிறி ட்ரோன் எந்தக் கடையிலும் கிடைக்கும் காலத்தில், ஒற்றை ரோட்டர் ஹெலிகாப்டரைக் கழற்றி மாட்டி அதில் கேமரா கட்டுவது வீண்வேலை என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்பவர் கையில் இருக்கும் டிஜேஐ ட்ரோனுக்கே பூர்வீகம் ஹெலிகாப்டர்தான். ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது டிஜேஐ நிறுவனர் ஃபிராங்க் வாங் எடுத்துக்கொண்ட வேலை, மாதிரி ஹெலிகாப்டரை அந்தரத்தில் ஓரிடத்தில் நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவி. 2006-இல் நிறுவனம் தொடங்கியபின்னும் சில ஆண்டுகள் அவர் விற்றது ஹெலிகாப்டர் கருவிகளைத்தான். நாலு விசிறி ஃபேன்டம் ட்ரோன் வந்தது 2013-இல்.

சினிமாவில் கதை இன்னும் பழையது. பெல்ஜியத்தின் எம்மானுவேல் பிரெவினேர் 1980-களிலேயே ரேடியோ ஹெலிகாப்டரில் திரைப்படக் கேமராவை ஏற்றினார். ஆஸ்கர் அகாடமி 1990-களில் அதற்குத் தொழில்நுட்ப விருது கொடுத்தது. 'ஸ்கைஃபால்' படத்தில் இஸ்தான்புல் கூரைகள்மேல் பாயும் பைக்குகளைத் துரத்தியதும் அவருடைய ஃப்ளையிங்-கேம் நிறுவனத்தின் ஹெலிகாப்டர்தான்.

அவை பெரிய இயந்திரங்கள், பெரிய பணம். இங்கே பேச்சு 450 வகையைப் பற்றி: 325 மி.மீ. பிளேடு, சுமார் 70 செ.மீ. ரோட்டர் வட்டம், மூன்று செல் லிப்போ, ஏறத்தாழ முக்கால் கிலோ எடை. அலைன் டி-ரெக்ஸ் 450 பரவலாக்கிய இந்த அளவு, குட்டிக்கரணம் அடிக்கத் தோதாகவே பெட்டியிலிருந்து வெளிவருகிறது. அதைப் படமெடுக்கப் பழக்குபவர்களில் பெரும்பாலோர் வேலையின் வரிசையில்தான் கோட்டை விடுகிறார்கள். முதலில் கேமராத் தட்டு செய்கிறார்கள். வீடியோ கூழாக ஆடுகிறது. ரப்பர் வைக்கிறார்கள், அப்புறம் ஸ்பாஞ்ச், அப்புறம் ஜெல். ரோட்டர் ஹெட்டை மட்டும் யாரும் தொடுவதில்லை.

கணக்குப் போட்டால் விஷயம் விளங்கிவிடும். ஹெட் ஸ்பீடு நிமிடத்துக்கு 2400 சுற்று என்றால் ரோட்டர் நொடிக்கு 40 சுற்று. இரண்டு பிளேடுகளுக்கும் இடையே அரை கிராம் வித்தியாசம், அதுவும் மையத்திலிருந்து 19 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அரை கிராம் ஏறக்குறைய 600 கிராம் எடைக்குச் சமமான விசையோடு ஹெட்டை நொடிக்கு 40 முறை உலுக்கும். ஹெலிகாப்டரின் மொத்த எடையே அதைவிடச் சற்றுத்தான் கூட! இதோடு இரண்டு பிளேடும் சேர்ந்து தரும் 80 துடிப்பு. நாலேகால் மடங்கு வேகத்தில் சுழலும் வால் ரோட்டரின் 170. சிறிய கேமராக்களின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கும். ஒரு ஃபிரேமை வாசித்து முடிப்பதற்குள் கேமரா ஆடி நகர்ந்துவிடுவதால்தான் நேரான மதில்சுவர் நெளிகிறது.

ஆகவே முதல் வேலை ஹெட்டில். ஃபெதரிங் ஷாஃப்டையும் மெயின் ஷாஃப்டையும் கழற்றிக் கண்ணாடிமேல் உருட்டிப் பார்க்க வேண்டும். ஒருமுறை தரையில் விழுந்த ஹெலிகாப்டரில் இவை நேராக இருப்பது அபூர்வம். பிளேடுகளில் முதலில் ஒவ்வொன்றின் ஈர்ப்பு மையத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகே எடையை டேப் ஒட்டிச் சமன் செய்ய வேண்டும். வரிசை மாறினால் தராசில் சமமாக இருப்பது காற்றில் சமமாக இராது. அடுத்தது ட்ராக்கிங். பிளேடு நுனிகளில் இரு நிற டேப் ஒட்டி, நன்றாகத் தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தால் எது மேலே ஓடுகிறது என்று தெரியும். பிட்ச் லிங்கில் அரைச்சுற்று, மறுபடி பார்வை. எல்லாம் முடிந்ததும் ஹோவரில் வால் துடுப்பின் ஓரத்தைக் கவனிக்க வேண்டும். அது மங்கலாகத் தெரிந்தால் கேமராவுக்கு அங்கே இன்னும் வேலை இல்லை.

இப்போது கேமராவைத் தாங்கும் ரப்பர். அந்தத் தாங்கி தன்போக்கில் ஆடும் வேகம், வரும் உதறலின் மூன்றில் ஒன்றாக இருந்தால்தான் அது எட்டில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும். நொடிக்கு 40-க்கு அது 13 சொச்சம். அப்படி ஆட, கேமராவின் எடைக்கு ரப்பர் 1.4 மி.மீ. இறங்கியாக வேண்டும், ரப்பர் அதிர்வின்போது இன்னும் விறைப்பாகும் என்பதால் 2 மி.மீ. வைத்துக்கொள்வது நல்லது. கேமராவை ஏற்றுமுன்னும் பின்னும் வெர்னியரில் அளந்தால் தீர்ந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காத தாங்கி வெறும் அலங்காரம். 200 கிராம் கேமராவுக்கு வாங்கிய ரப்பரில் 60 கிராம் கேமராவை உட்கார வைப்பவர்களுக்கு நேர்வது இதுதான். பேட்டரியையும் அதே தட்டுக்கு மாற்றினால் ஹெலிகாப்டரின் எடை ஒரு கிராம்கூடக் கூடாமல் தட்டு கனத்துவிடும். கேமரா மூக்குப் பக்கம் இழுப்பதையும், பேட்டரியைப் பின்னால் தள்ளி அங்கேயே சரிசெய்யலாம்.

எடை விஷயத்தில் ஆசை ஆகாது. எடை ஐந்தில் ஒரு பங்கு கூடினால், காற்றைக் கீழே தள்ளத் தேவைப்படும் சக்தி சுமார் 30 சதவீதம் கூடும். பிட்ச் வளைவில் வித்தைக்கான மைனஸ் பக்கத்தைச் சுருக்கி, பினியனில் ஒன்றிரண்டு பல் குறைத்து, ஹெட் ஸ்பீடைத் தாழ்த்துவது வழக்கமான யோசனை. ஹோவர் நிதானமாகும், பேட்டரியும் தாங்கும். ஆனால் 2000-க்கு இறக்கினால் உதறல் 33-க்கு வந்துவிடும்; 40-க்கு அளந்த ரப்பர் அதற்குப் போதாது. வாலின் பிடியும் தளரும், கைரோ திணறும். இந்த அளவு ஹெலிகாப்டரில் 2400-ஐ ஒட்டி நிற்பதே உத்தமம் என்பது இவ்விதழின் கருத்து.

இன்னொரு கருத்தும் உண்டு, சிலருக்குக் கசக்கும்: 450 வகை புகைப்படத்துக்கானது, வீடியோவுக்கு அல்ல. 1/1000 நொடி ஷட்டரில், 40 உதறலின் ஒரு அலைவில் 25-இல் ஒரு பங்கு நேரமே பதிவாகும். பழைய கேனன் பவர்ஷாட் ஒன்றில் சிஎச்டிகே மென்பொருளை மெமரி கார்டு வழியாக ஏற்றினால் குறிப்பிட்ட இடைவெளியில் அதுவே சொடுக்கிக்கொண்டிருக்கும். பட்டனை அழுத்த ஒரு சர்வோவைச் சுமக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பில் சமரசம் கிடையாது. 2400 சுற்றில் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 300 கி.மீ.-க்கும் மேல். 2013-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பூங்காவில் தன் ரேடியோ ஹெலிகாப்டரின் பிளேடு பட்டு 19 வயது இளைஞர் இறந்தார். அது இதைவிடப் பெரிய ரகம், ஆனாலும் 450-இன் பிளேடு விரலை விட்டுவைக்காது. கூட்டத்துக்கு மேலே பறக்கவிட இது ஏற்றதல்ல. இந்தியாவில் ட்ரோன் விதிகள் 2021 ஹெலிகாப்டரையும் சேர்த்தே பேசுகின்றன. 250 கிராமுக்கு மேல் 2 கிலோவரை மைக்ரோ ரகம். பொழுதுபோக்குக்கு அதை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை, கல்யாண வீட்டில் காசு வாங்கிக்கொண்டு ஓட்டினால் தேவை.

இவ்விதழுக்குத் தங்கள் மாற்றங்களைப் பற்றி எழுதுபவர்கள் இனி ஹெட் ஸ்பீடு, பினியன் பல், பறக்கும் எடை, ரப்பரின் இறக்கம் ஆகிய நான்கையும் அளந்து குறிப்பிட்டால் மற்றவர்கள் அதைத் தங்கள் மேசையில் செய்து பார்க்க முடியும். கேமராவின் மாடல் எண் விட்டுப்போனாலும் பாதகமில்லை.