ஐயா, அந்தச் சுவரை ஒருமுறை தட்டிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

மூன்று திங்கட்கிழமைகள் தங்கள் அலுவலக வாசலில் மனுவோடு நின்றவள் எழுதுகிறேன். முதல் முறை தாங்களே மனுவைக் கையில் வாங்கி, பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் கொடுத்தீர்கள். இரண்டாம் முறை வேறொருவர் வாங்கினார். மூன்றாம் முறை, வரிசையில் எனக்கு முன்னால் பட்டாவுக்காக நின்ற பெரியவர், "உனக்கு என்னம்மா பிரச்சினை?" என்று பரிவோடு கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் நடுவில் சொல்லக்கூடிய குறையா அது? முதல் மனுவிலும் கூசிக் கூசித்தான் எழுதியிருந்தேன்: 'விடுதி அறையில் தனிமைக்குப் பாதுகாப்பு இல்லை.' அதற்கு வந்த பதில்: 'மேற்படி விடுதி ஆய்வு செய்யப்பட்டது. குறைபாடு ஏதும் காணப்படவில்லை.'

கூசியது என் தவறு என்று இப்போது நினைக்கிறேன். கூச வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அதனால் நடந்ததை ஊரறியச் சொல்கிறேன்.

என் கணவர் கொத்தனார். நான் ஒரு சிறிய நர்சரிப் பள்ளியில் ஆசிரியை. திருமணமாகி ஏழு வருடம். குழந்தை இல்லை. எங்கள் ஊரிலிருந்து தங்கள் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆறு மணி நேர பஸ் பயணம். மாதவிடாய் கண்ட ஒன்பதாம் நாளிலிருந்து ஸ்கேன். கருமுட்டை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்ப்பார்கள். தக்க அளவு வந்ததும் ஒரு ஊசி. 'முட்டை வெடிக்கிற ஊசி' என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பெண்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அது போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வெளிப்படும். அந்த நேரத்தை ஒட்டிக் கணவனும் மனைவியும் சேர்ந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சீட்டில் தேதி குறித்துக் கொடுப்பார். ஊருக்குப் போய்த் திரும்ப நேரம் கிடையாது. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில், நாளுக்கு 700 ரூபாய் அறையில்தான் தங்க வேண்டும். எங்களைப் போல எத்தனையோ ஜோடிகள் அந்தத் தெருக்களில் தங்குகிறார்கள். ஒவ்வொருவர் பையிலும் இப்படி ஒரு தேதி இருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்தது 207. உள்ளே நுழைந்ததும் என் கணவர் செய்த முதல் காரியம், கட்டிலை ஒட்டிய சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தது. தொழில் புத்தி. 'டொப் டொப்' என்றது. "இது சுவரே இல்ல. ப்ளைவுட்ல பேப்பர் ஒட்டியிருக்கான்" என்றார். ஒரு காலத்தில் மூன்று கட்டில் போட்ட ஒரே குடும்ப அறை அது. நடுவில் சட்டம் அடித்துப் பலகை வைத்து இரண்டு அறையாக்கி, இரண்டு வாடகை வாங்குகிறார்கள். அந்தப் பலகையும் மேல்தளம் வரை போகவில்லை. ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே இரண்டு அறைக்கும் ஒரே வெளி. இந்தப் பக்கத்து சுவிட்ச் பெட்டியும் அந்தப் பக்கத்துப் பெட்டியும் முதுகோடு முதுகாக ஒரே ஓட்டையில் உட்கார்ந்திருந்தன. கீழே போய் வேறு அறை கேட்டோம். மேனேஜர், "ஃபேமிலிக்கு அந்த ரூம்தான் சார் குடுக்குறது" என்றார். அந்த வாக்கியத்தின் அர்த்தம் அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்பார்கள் பெரியவர்கள். அதை அறிந்தவள்தான் நான். எங்கள் வீட்டிலும் ஒரே அறைதான். மாமியார், மாமனார், கொழுந்தன் எல்லோரும் அந்த ஓட்டு வீட்டுக்குள்தான். ஏழு வருடமாக மூச்சை அடக்கியே குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். காசு கொடுத்து வாங்கிய அந்த ஒரு இரவிலாவது வாய்விட்டு நாலு வார்த்தை பேசலாம் என்று நினைத்தேன். பேசினேன். என்ன பேசினேன் என்பதை இந்த ஊர் முழுக்கக் கேட்கும்படி எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை ஆறரை மணி. வராந்தாக் கோடியில் இருக்கும் தண்ணீர்க் கேனில் பாட்டில் பிடித்துக்கொண்டிருந்தேன். 208இன் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நாலு வாலிபர்கள். ஒருவன் கையில் போன். அதிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது: "சாமி, இந்தத் தடவையாவது தங்கிடணும்."

என் குரல்.

அவர்கள் சிரித்தார்கள். ஒருவன் தொண்டையை மெல்லிசாக்கிக்கொண்டு அதையே திருப்பிச் சொன்னான். மற்றொருவன், "திரும்பப் போடுடா" என்றான். மறுபடியும் என் குரல் வந்தது. பாட்டில் நிறைந்து, தண்ணீர் என் காலில் வழிந்து, வராந்தாவில் ஓடும் வரை அப்படியே நின்றேன்.

ஐயா, நான் காமத்தில் பேசிய பேச்சு அது என்று யாரும் நினைக்க வேண்டாம். நினைத்தாலும் அது என் கணவனுக்கும் எனக்குமான பேச்சு. பிறர் காதுக்கு உரியதல்ல. ஆனால் அன்று அது ஒரு வேண்டுதல். கோயில் கருவறை முன்னால் நின்று சொன்னதைவிட உண்மையாக அந்தக் கட்டிலில் படுத்துச் சொன்னேன். அதைப் பதிவு செய்து, காலை டீயோடு நாலு பேர் போட்டுக் கேட்டார்கள்.

என் கணவர் கீழே போய்க் கத்தினார். "சின்னப் பசங்க சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றார் மேனேஜர். நாங்கள் காவல் நிலையம் போய்த் திரும்புவதற்குள் 208 காலியாகிவிட்டது. அவர்கள் பெயரும் போன் நம்பரும் விடுதிப் பதிவேட்டில் இருந்தன. எங்களுக்குக் காட்ட மறுத்தார்கள். காவல் நிலையத்திலோ அதை யாரும் கேட்கவே இல்லை.

அங்கே எங்களிடம் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டிதானா? ப்ரூஃப் இருக்கா?" ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். குழந்தை இல்லாத கதையை அந்த மேசையில் பரப்பித்தான் என் மானத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு, "வீடியோ எடுத்தானா? இல்லேல்ல? காதால கேட்டதுக்கு எந்த செக்‌ஷன்மா போடுறது?" என்று அனுப்பிவிட்டார்கள்.

சட்டம் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெண்ணின் அந்தரங்கத்தில் அத்துமீறி நுழைவது குற்றம் என்று 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலேயே எழுதியிருந்தது, இன்றைய புதிய சட்டத்திலும் அது 79ஆம் பிரிவாக இருக்கிறது என்று எங்கள் ஊர் வக்கீல் ஒருவர் காசு வாங்காமல் சொல்லித் தந்தார். கொத்தனார் மனைவிக்குத் தெரியவந்த இது காவல் நிலையத்துக்குத் தெரியாமல் போகுமா?

அன்று மதியம் அறையைக் காலி செய்யும்போது, மாடி கூட்டுகிற அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "கண்ணு, அடுத்த தடவ வந்தா மூணாவது மாடி கேளு. அங்கதான் செங்கல் சுவரு. ஜோடியா வர்றவங்களுக்கு இந்த ரூமத்தான் தருவாங்க. பக்கத்து ரூமுக்குன்னு நம்பர் சொல்லிக் கேட்டு வர்ற ஆளுங்க இருக்காங்க. அதுக்குத் தனி ரேட்டு" என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னதாகச் சொல்லிவிடாதே என்று கெஞ்சினார்.

அதனால் நாலு வாலிபர்களின் விடலைச் சேட்டை என்று இதை ஒதுக்க முடியாது. ஒரு வியாபாரம் நடக்கிறது. எங்கள் அறைக்கு 700 ரூபாய்; எங்களை ஒட்டுக் கேட்கும் அறைக்கு அதைவிட அதிகம். எங்களை விற்றிருக்கிறார்கள். இதைத்தான் இரண்டாவது மனுவிலும் மூன்றாவது மனுவிலும் எழுதினேன். உங்கள் ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். என்ன பார்த்தார்கள்? தீயணைப்புக் கருவி இருக்கிறதா, வரவேற்பறையில் சிசிடிவி ஓடுகிறதா, தங்குபவர்களின் ஆதார் நகல் வாங்கி வைத்திருக்கிறார்களா. எல்லாம் இருந்தது. எங்கள் இருவரின் ஆதார் நகலும் பத்திரமாக இருந்தது. 207க்கும் 208க்கும் நடுவில் சுவர் இருக்கிறதா என்று மட்டும் எவரும் பார்க்கவில்லை.

விடுதிக்குள் நுழையும் அதிகாரம் உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். 2019இல் கோயம்புத்தூரில் ஒரு தங்கும் விடுதிக்குள் அதிகாரிகள் போனார்கள். திருமணமாகாத ஒரு ஆணும் பெண்ணும் ஒரே அறையில் இருந்ததை ஒரு காரணமாகக் காட்டி அந்த விடுதிக்கே சீல் வைத்தார்கள். திருமணமாகாதவர்கள் ஓர் அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லி, அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம்தான் திறக்கச் சொன்னது. இல்லாத குற்றத்துக்குப் பூட்டப் பூட்டு இருந்தது. இருக்கிற குற்றத்துக்கு ஏன் இல்லை? உள்ளே இருப்பவர்கள் யார் என்று கதவைத் தட்டிக் கேட்கத் தெரிந்த உங்களுக்கு, வெளியே இருந்து கேட்பவன் யார் என்று கேட்கத் தெரியவில்லை.

2024 டிசம்பரில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில், தனியார் நடத்திய உடைமாற்றும் அறையில் ரகசியக் காமிரா இருந்தது. இருவர் கைதானார்கள். சரி. ஆனால் அதைக் கண்டுபிடித்தது யார்? தீர்த்தமாடி ஈரச் சேலையோடு உடை மாற்றப் போன ஒரு பெண். தென் கொரியாவில் 2019இல் 30 விடுதிகளின் 42 அறைகளில், டிவி பெட்டியிலும் பிளக் துளையிலும் காமிரா வைத்து, ஏறக்குறைய 1,600 பேரின் அந்தரங்கத்தை இணையத்தில் ஓடவிட்டதைக் காவல்துறை வெளிக்கொண்டு வந்தது. எங்களுக்கு இப்படி நடந்த பிறகு அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து என் கணவர் எந்த அறைக்குள் போனாலும் போன் டார்ச்சை அடித்துப் பிளக் துளைகளைத்தான் முதலில் பார்க்கிறார். நாள் முழுக்கச் சாரத்தில் நின்று ஊராருக்குச் சுவர் எழுப்புகிறவர், ராத்திரியில் முட்டி போட்டுத் துளை தேடுகிறார். இதைத் தேடும் வேலை அவருடையதா, உங்களுடையதா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் நாள் மாலை, எங்களுக்கு அந்தப் பக்கத்து அறையிலிருந்து, 206லிருந்து, ஒரு பெரியவர் அழும் சத்தம் கேட்டது. அவர் மனைவிக்கு ஏதோ ரிப்போர்ட் வந்திருக்கிறது. "நான் உன்னை முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். எங்கள் காதிலும் விழுந்தது. என் கணவர் எழுந்து ஃபேனை முழு வேகத்தில் வைத்தார். அது போதாமல் பாத்ரூம் குழாயையும் திறந்துவிட்டார். அந்த மனிதரின் அழுகை எங்களுக்கு உரியதல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காதில் விழுவது வேறு, ஒட்டுக் கேட்பது வேறு. எட்டாம் வகுப்போடு நின்ற என் கணவருக்குத் தெரிந்த இந்த வித்தியாசம், என் மனுவைப் படித்து 'குறைபாடு இல்லை' என்று கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியவில்லையே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஆயிரக்கணக்கில் வாடகை கொடுப்பவர்களுக்குக் கனமான சுவர் கிடைக்கிறது. எங்களுக்குப் பலகை. பணம் குறைவாகக் கொடுப்பவர்களுக்கு மெத்தை மெலிசாக இருக்கட்டும், துண்டு கிழிந்திருக்கட்டும், வெந்நீர் வராமல் போகட்டும். மானமுமா குறைய வேண்டும்? நோய்க்கும் பிள்ளைவரத்துக்கும் உங்கள் நகரத்தை நம்பி வருகிறோம். எங்கள் அழுகையும் வேண்டுதலும் அணைப்பும் அந்த நாலு பக்கத்துக்குள்தான் நடக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு வேறு இடம் இல்லை.

அந்த மாதம் தங்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஏற்றுக்கொண்டேன். ஆனால் அதன் பிறகு இரண்டு மாதம் சிகிச்சைக்கே போகவில்லை. இருட்டில் என் வாயிலிருந்து ஒரு சொல் வர மறுக்கிறது. எனக்கு வயது 34. எங்களுக்கு ஒவ்வொரு மாதமும் கணக்கு. அந்த இரண்டு மாதத்தை எந்த ஆய்வறிக்கை திருப்பித் தரும்? என் குரல் இன்று எத்தனை போன்களில் இருக்கிறது? அதையாவது யாராவது விசாரிப்பீர்களா?

இனி மனு கிடையாது. திங்கட்கிழமை வரிசையும் கிடையாது. நான் கேட்பது ஒன்றுதான். ஒரு மாலை நேரம், அதிகாரிகளை அனுப்பாமல் நீங்களே வாருங்கள். உங்கள் வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாலும் நல்லது. 207க்குள் போய், கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பதை விரல் முட்டியால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். அந்தச் சத்தம் கேட்டால் அறிக்கை எழுத உங்களுக்கு வேறு எதுவும் தேவைப்படாது. பிறகு, தெருவில் இருக்கும் மற்ற விடுதிகளுக்கும் இதே போல் போய்த் தட்டிப் பாருங்கள்.

அங்கே ஒரு நாலரை இஞ்ச் செங்கல் சுவர் எழுப்ப, பூச்சு வேலையோடு சேர்த்து மூன்று நாள் போதும் என்கிறார் என் கணவர். கூலி வேண்டாம், கரண்டியும் மட்டப் பலகையும் நானே கொண்டுவருகிறேன் என்று உங்களிடம் சொல்லச் சொன்னார். அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
207ஆம் அறையில் ஓர் இரவு தங்கியவள்