காரணம்: சுகவீனம்

சென்ற மாதம் எனக்கு மருமகள் முறையான ஓர் ஆசிரியை, இடமாற்ற விண்ணப்பப் படிவத்துடன் வீட்டுக்கு வந்தாள். கிரான் பாலத்துக்கு அப்பால் உள்ள ஒரு பாடசாலையில் ஐந்து ஆண்டுகளாகக் கற்பிப்பவள். படிவத்தின் ஏனைய பகுதிகளை எல்லாம் அழகிய கையெழுத்தில் நிரப்பியிருந்தாள். 'இடமாற்றம் கோருவதற்கான காரணம்' என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"மாமா, நீங்க பேப்பர்ல எழுதுற ஆள். வருத்தம் எண்டு நம்புற மாதிரி நாலு வரி எழுதித் தாங்க."

"உனக்கு என்ன வருத்தம்?"

"எனக்கு ஒண்டும் இல்ல. உள்ளத எழுதினா கிடைக்காதாம். மெடிக்கல் வைக்கணுமாம்."

உள்ளது என்ன என்பதை மட்டக்களப்பு மாவட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் சந்திவெளியை அடுத்து வருவது கிரான். சந்தியில் மேற்கே திரும்பினால் பாலம். அதைக் கடந்தால் புலிபாய்ந்தகல், கோராவெளி, முருத்தானை, குடும்பிமலை, வடமுனை என்று வயலும் காடுமாகக் கிராமங்கள் விரிந்து கிடக்கின்றன. மாரி பெருகினால் பாலத்தின் மேலாக வெள்ளம் பாயும். போக்குவரத்து அறுந்து படகுச் சேவை தொடங்கும். 2011 ஜனவரியில் மாவட்டமே மூழ்கியபோதும் இதுதான் கதை. 2024 நவம்பர் இறுதியில், வெள்ளத்தால் நாடெங்கும் உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டபோதும் இதே கதைதான். வெள்ளம் வடிந்தால் யானை.

மருமகள் விடியற்காலையில் இரு பிள்ளைகளுக்கும் சோறு கட்டி வைத்துவிட்டு ஸ்கூட்டியில் புறப்படுகிறாள். மாரியில் ஸ்கூட்டியை இக்கரையில் தெரிந்த வீடொன்றில் நிறுத்திவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி படகேறுகிறாள். அக்கரையில் உழவு இயந்திரம் ஏதும் வந்தால் உண்டு, இல்லையேல் நடை. பாடசாலையில் தங்குவதற்கு விடுதி இல்லை. பின்னேரம் மழை இருட்டினால், பாடத்தை விட ஆற்றைத்தான் அதிகம் யோசிப்பேன் என்கிறாள். இதை எழுதினால் 'போதிய காரணம் அல்ல' என்று திரும்பி வருமாம். கடுமையான முதுகுவலி என்று எழுதி ஒரு சான்றிதழை இணைத்தால் பரிசீலிக்கப்படுமாம். சக ஆசிரியைகள் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

முதுகுவலி பொய் என்பது விண்ணப்பிப்பவருக்குத் தெரியும். சிபாரிசு செய்யும் அதிபருக்கும் தெரியும். சான்றிதழ் வழங்கும் வைத்தியருக்கும், அதைக் கோப்பில் இடும் உத்தியோகத்தருக்கும் தெரியும். ஆயினும் எல்லோரும் மரியாதையாக அந்தப் பொய்யைக் கைமாற்றுகிறார்கள். வகுப்பில் பிள்ளை பொய் சொன்னால் முழங்காலில் நிறுத்துபவர்கள் நாம்.

ஆசிரியர் பொய் சொல்லப் பழகிவிடுகிறார் என்பதல்ல என் முதற் கவலை. கஷ்டப் பிரதேசங்களிலிருந்து வரும் இடமாற்ற விண்ணப்பங்களைப் போல அப்பிரதேசங்களின் குறைகளைத் திருத்தமாகச் சொல்லக்கூடிய ஆவணம் வேறெதுவும் இல்லை. எந்தத் துறையில் படகு இல்லை, எங்கே பஸ் நின்றுபோயிற்று, எந்தப் பாடசாலையில் பெண் ஆசிரியைகளுக்கு மலசலகூடம் இல்லை என்பதை அவர்கள்தாம் நாள்தோறும் அறிவார்கள். ஒரு பாடசாலையிலிருந்து பத்துப் பேர் ஒரே பாலத்தைக் காரணமாக எழுதினால், அதற்கு எவராவது பதில் சொல்லியாக வேண்டும். பத்துப் பேர் முதுகுவலி என்று எழுதினால் எவரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கோப்புகளை மட்டும் வாசிக்கும் வெளியூர் ஆய்வாளர் ஒருவர், கிரானுக்கு மேற்கே இன்னதென்று தெரியாத முள்ளந்தண்டு நோய் பரவியிருப்பதாகவே முடிவு செய்வார்.

1987இன் 13ஆவது திருத்தத்துடன் மாகாணப் பாடசாலைகள் மாகாண சபைகளின் பொறுப்புக்கு வந்தன. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பின்னர் தேர்தல் இன்றியே ஆண்டுகள் உருண்டன. எழுந்து நின்று கேட்க ஒரு சபையேனும் இல்லாத காலத்தில், விண்ணப்பத்தில் உண்மையை எழுதுவதும் ஒருவகைக் கேள்வி அல்லவா? அதையும் அடைத்துவிட்டோம். அரசியல்வாதியின் கடிதம் வைத்திருப்பவருக்கு முதுகுவலியும் தேவையில்லை என்பது தனிக்கதை.

தமிழ்நாட்டில் காலியிடங்களைக் காட்டிக் கலந்தாய்வு நடத்துகிறார்கள். மாற்றுத்திறனாளி, கடும் நோயாளி, கைம்பெண், கணவன் அல்லது மனைவி வேறிடத்தில் பணிபுரிபவர் என்று முன்னுரிமை தருகிறார்கள். எங்கள் முறையை விட வெளிப்படையானது, மறுக்கமாட்டேன். ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாமே ஆசிரியரின் உடலையோ குடும்பத்தையோ பற்றியவை. பாடசாலைக்குப் போகும் வழியைக் காரணமாக ஏற்பதற்கு எவருக்கும் மனம் வருவதில்லை போலும்.

என் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2007 ஜூலையில் குடும்பிமலை அரச படையினர் வசமான பின்னர், மக்கள் மீளக் குடியேறினார்கள், பாடசாலைகள் திறந்தன, ஆசிரியர்கள் நிலைக்கவில்லை. 'சேவை மனப்பான்மை எங்கே?' என்று நாங்கள் பத்திரிகைகளில் முழங்கினோம். நானும் முழங்கியவன்தான். அப்போது நான் பாலத்தைக் கடந்தது கோடையில், வாகனத்தில், ஒரே ஒரு நாள்.

"அப்படியானால் அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மருமகள் போய்விட்டால் அவளது வகுப்பு சில மாதங்கள் ஆசிரியர் இன்றி இருக்கும், அது அவளுக்கும் தெரியும், அழுதாள். ஆனால் பொய்க் காரணத்தில் ஒருவர் போனால், அடுத்து வருபவரும் அதே படகில்தான் வருவார், அதே முதுகுவலியில்தான் போவார். பிள்ளைகளின் பெயரால் ஆசிரியரைக் கட்டிப்போடுவதை விட, அவர் எதனால் போகிறார் என்று ஒருமுறை உண்மையாகக் கேட்பது அப்பிள்ளைகளுக்குச் செய்யும் உபகாரம்.

ஆகவே நான் வருத்தம் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. பாலம், படகு, விடுதி இன்மை என்று மூன்றையும் எழுதினேன். அவள் வாசித்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தாள். "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா மெடிக்கலையும் சேர்த்து வைக்கிறன்" என்றாள். அவளைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து இதை வாசிக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை ஊர்ப் பாடசாலைக்கு வளைவும் வாயிற்கதவும் கட்டப் பணம் சேர்க்கும்போது, பாலத்துக்கு அப்பால் நான்கு அறைகளும் ஒரு கிணறும் கொண்ட ஆசிரியர் விடுதிக்கு எவ்வளவு செலவாகும் என்று விசாரித்துப் பாருங்கள்.