கயிறு யார் கையில்?

குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையிலே விண்ணுக்கு ராக்கெட் ஏவும் தளம் எழுகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஏறத்தாழ 986 கோடி ரூபாய்த் திட்டம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர் நிலம். இலங்கையைச் சுற்றி வளைந்து எரிபொருளை வீணடிக்காமல் நேரே தெற்கு நோக்கிப் பறந்திட ஏற்ற கரை இது என்று கண்டு தேர்ந்தெடுத்தார்கள். வாழ்த்துகிறோம்! கப்பல் கண்ட கரை, உப்பளம் கண்ட கரை, 1942-லே வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துக் கொதித்தெழுந்த கரை, இனி விண்ணையும் எட்டிப் பிடிக்கட்டும்.

ராக்கெட் தளத்திற்கென்று ஒரு முறை உண்டு. எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும். ஒரு வால்வு சற்றே பிசகினாலும், ஒரு மானி சற்றே ஐயம் காட்டினாலும், எண்ணிக்கை அந்த நொடியே நின்றுவிடும். எது கெடக்கூடும், கெட்டால் எவர் என்ன செய்வது என்பதையெல்லாம் முன்னரே எழுதி, பயின்று, ஒத்திகை பார்த்து வைத்திருப்பார்கள். ஆளில்லாத உலோகக் குழாய்க்கு அத்தனை காவல்!

அதே கரையிலே, அதே உப்புக் காற்றிலே அங்கன்வாடி நடக்கிறது. ஊரார் வாயிலே இன்னமும் பால்வாடி. வலை இழுக்கப் போனவன் பிள்ளையும், பனையேறப் போனவன் பிள்ளையும், உப்பளத்துக்கும் கருப்பட்டிக் கொட்டகைக்கும் போனவள் பிள்ளையும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றின் தொண்டையிலே சுண்டல் கடலை சிக்கிக்கொண்டால் எவர் என்ன செய்வது? எழுதி வைத்திருக்கிறார்களா? ஒத்திகை நடந்ததா? கேட்கிறோம்!

"108 இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது. 2008 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டுச் சாலைகளிலே ஓடும் அந்த வண்டி காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். அதைக் குறை கூறுபவன் நன்றி கெட்டவன். ஆனால் மூச்சுக்காற்று அறவே நின்றுபோன குழந்தையின் மூளை நான்கைந்து நிமிடங்களிலே கெடத் தொடங்குகிறது. திருச்செந்தூர் அரசு மருத்துவமனைக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அங்கிருந்து மேலும் நாற்பது. முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் காளி வேடமும் குறவன் வேடமுமாக இலட்சக்கணக்கானோர் கூடும் நாட்களிலே அந்தச் சாலையில் வண்டி எப்படி நகரும் என்பதை உடன்குடித் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். நான்கு நிமிடத்திலே வரக்கூடிய ஒரே மருத்துவர், அந்த அறையிலே ஏற்கெனவே நிற்கும் அங்கன்வாடிப் பணியாளர்தான்.

இந்தக் கடற்கரைக்கு இது புதிய பாடமன்று. தூத்துக்குடிக் கரையின் கடைசிப் பெரும் முத்துக்குளிப்பு 1961-லே நடந்தது. இடுப்பிலே கயிற்றைக் கட்டிக்கொண்டு, கல்லைப் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி ஒருவன் ஆழத்துக்குப் போவான். மேலே தோணியிலே ஒருவன் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பான். அந்த வேலைக்கு மைத்துனனைத்தான் நிறுத்துவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்காளின் வாழ்வு தன் கையிலே என்ற அச்சம் அவனுக்கு இருக்கும் அன்றோ! வழியிலே போனவனை அழைத்து, "இந்தா, பிடி" என்று எவனும் கயிற்றைக் கொடுத்ததில்லை. அடியிலே இருப்பவன் அசைத்தால் எப்படி இழுப்பது என்று பயின்றவனிடமே கொடுத்தார்கள்.

இன்று ஆயிரமாயிரம் சின்னஞ்சிறு மூச்சுகளின் கயிற்றை ஒரு பெண்ணின் கையிலே திணித்துவிட்டு, இழுக்கக் கற்றுக்கொடுக்காமல் போய்விட்டார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

கற்றுக்கொடுக்க வேண்டியது மலையளவா? மருத்துவக் கல்லூரியிலே ஐந்தரை ஆண்டு படிக்கவா சொல்கிறோம்? தொண்டை அடைத்த பிள்ளை வலுவாக இருமினால் இருமவிடு. இரும முடியாமல், அழ முடியாமல் திணறினால் முன்புறம் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை தட்டு. வெளிவராவிட்டால் பின்னிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்து. ஓராண்டு நிறையாத சிசுவுக்கு வயிற்றை அழுத்தாதே. முன்கையிலே குப்புறக் கிடத்தித் தலை தாழ்ந்திருக்க முதுகிலே தட்டு, பின்பு மல்லாத்தி நடு மார்பிலே அழுத்து. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதே. இவ்வளவுதான்! ஆனால் இதைத் தாளிலே படித்தால் கை வராது. பொம்மையை வைத்துக்கொண்டு பத்துத் தடவை செய்து பார்த்த கைக்குத்தான் பதறும் வேளையிலே நினைவு வரும்.

காய்ச்சல் வலிப்பு இன்னொன்று. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலே, நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு வரக்கூடியது. வந்ததும் என்ன நடக்கிறது? சாவிக்கொத்து தேடுகிறார்கள்! இரும்பைக் கையிலே திணிக்கிறார்கள்! பல்லுக்கிடையே கரண்டியை நுழைக்கிறார்கள்! வாயிலே தண்ணீர் ஊற்றுகிறார்கள்! விஞ்ஞானம் விண்ணுக்கு ஏணி வைக்கும் ஊரிலே, வலிப்புக்கு வைத்தியம் பூட்டுச் சாவி! பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவை, வாயிலே எதையும் வைக்காதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இந்த நான்கையும் சுவரிலே எழுதிட எத்தனை படி சுண்ணாம்பு வேண்டும்?

எளிய கைகளால் உயிர் காக்க முடியுமா என்று ஐயப்படும் மேதைகளுக்கு ஒரு வரலாறு சொல்வோம். 1971-லே வங்கதேசப் போரின்போது, எல்லையோரப் பாங்கான் முகாமிலே காலரா. நரம்பிலே ஏற்றும் நீர் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளிகளின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்தார். முப்பது விழுக்காட்டை எட்டிய சாவு, அவர் பார்வையிலிருந்தவர்களிடையே நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிற்று. அதே உப்புச் சர்க்கரைப் பொட்டலம்தான் இன்று அங்கன்வாடி மருந்துப் பெட்டியிலே இருக்கவேண்டியது. இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்தவர் உண்டா?

இனி, அந்தப் பணியாளர் யார் என்று பார்ப்போம். மேலதிகாரிக்கும் அவருக்கும் ஓர் உரையாடல் நடந்தால் இப்படித்தான் இருக்கும்:

"எடை பார்த்தாயா?"

"பார்த்தேன் ஐயா."

"செயலியில் ஏற்றினாயா?"

"ஏற்றினேன் ஐயா."

"சத்துமாவு வாங்கிய தாயின் முகம் செல்பேசியிலே ஒத்துப்போயிற்றா?"

"மூன்றாம் முறை ஒத்துப்போயிற்று ஐயா. ஐயா, பிள்ளைக்கு வலிப்பு வந்தால்..."

"அதற்குச் செயலியிலே இடமில்லையம்மா!"

சிரிக்காதீர்கள் தோழர்களே! 2021-லே கண்காணிப்புச் செயலி வந்தது. 2025 ஜூலை முதல் முக அடையாளமும் கட்டாயமாயிற்று. மாவு தவறான கைக்குப் போய்விடக் கூடாதென்பதில் இருக்கும் கவலை, மூச்சு போய்விடக் கூடாதென்பதில் இல்லை. 2018-லே ஒன்றிய அரசு உயர்த்திய பிறகு அது அளித்த மதிப்பூதியம் பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநிலம் தன் பங்கைச் சேர்க்கிறது என்பது வேறு. மதிப்பூதியம்! மதிப்பும் குறைவு, ஊதியமும் குறைவு, பெயர் மட்டும் இரண்டையும் சுமக்கிறது. இது பகுதிநேர வேலையே என்ற வாதத்தை ஏற்காமல், பணிக்கொடைக்கு இவர்கள் உரியவர்கள் என்று 2022 ஏப்ரல் 25 அன்று உச்சநீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. தமிழ்நாட்டிலே 54,439 மையங்கள். 2025-லே 7,783 காலியிடங்களை நிரப்பப்போவதாக அறிவித்தார்கள். அப்படியானால் அதுவரை அங்கெல்லாம் ஒருவரே இரு வேலை பார்த்தார் என்று பொருள். ஒரு பிள்ளை திணறுகையிலே அவர் பிள்ளையைப் பிடிப்பதா, செல்பேசியைப் பிடிப்பதா, மற்ற இருபது பிள்ளைகளைப் பிடிப்பதா?

விபரீதம் நேர்ந்தபின்னோ, முதலில் தேடப்படும் கழுத்து அவருடையதுதான். பயிற்சி தராதவர் விசாரணை நடத்துவார். பயிற்சி பெறாதவர் பதில் சொல்லவேண்டும்!

"நடைமுறைக்கு ஒவ்வாது" என்பவர்கள் இங்கிலாந்தைப் பாருங்கள். 2012-லே அங்கே ஒரு காப்பகத்திலே ஒன்பது மாதக் குழந்தை உணவு அடைத்து மாண்டது. பெற்றோர் ஓயவில்லை. 2017 ஏப்ரல் 3 முதல், காப்பகப் பணிக்குத் தகுதி பெற்றுப் புதிதாக வருவோர் குழந்தை முதலுதவிச் சான்று பெற்றாக வேண்டும் என்று விதி வந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை சான்றைப் புதுப்பிக்கவேண்டும். பணக்கார நாடு என்பீர்களோ? சரி, நம் நாட்டுக்கே வருவோம். சாலையிலே அடிபட்டவனுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 2021-லே தமிழ்நாடு ஏற்றது. மாரடைப்புக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்து என்று 2023-லே ஏற்பாடு செய்தது. முதல் மணித்துளியின் அருமையை இந்த அரசுக் கட்டில் அறியாததன்று. அறிந்ததை ஏன் அங்கன்வாடி வாசலோடு நிறுத்தினீர்கள் என்பதே நம் வழக்கு.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று பிறந்தது. அதே நாளில்தான் ஆண்டுதோறும் கிராம சபையும் கூடுகிறது. கிளைத் தோழர்கள் அதற்கு முன்னரே தத்தம் ஊர் மையத்துக்குப் போங்கள். பணியாளரை மிரட்டாதீர்கள், தங்கையிடம் பேசுவதுபோலப் பேசுங்கள். மருந்துப் பெட்டியின் தேதியைப் பாருங்கள். சுவரிலே மருத்துவமனை எண் இருக்கிறதா, அவசரத்துக்கு ஓட்ட ஊரிலே யாரிடம் வண்டி இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பொம்மை வைத்துக் கைப்பயிற்சி, பயிற்சி நாளுக்குப் படி, மையந்தோறும் இரண்டாவது ஆள். இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கிராம சபையிலே வையுங்கள். பதிவேட்டிலே ஏறும்வரை இடத்தை விட்டு எழாதீர்கள்.