ஒன்றாம் வகுப்புக்கு முன்பே முடிந்துவிடும் சேர்க்கை

2025 அக்டோபரில், காலாண்டு விடுமுறையும் கழிந்த பிறகு, தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகளில் எல்கேஜி வகுப்புக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீட்டுச் சேர்க்கை நடந்தது. வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் இணையத்தில் விண்ணப்பம் வாங்கி, தேவைப்பட்ட இடத்தில் குலுக்கல் போட்டு, பள்ளி திறக்கும் முன் முடிக்கிற வேலை அது. அந்த ஆண்டு விண்ணப்பப் பக்கமே திறக்கவில்லை. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்த தமிழ்நாட்டுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்திருந்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. தனியார் பள்ளிச் சேர்க்கைக்கான பங்கைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கடைசியில் நிதியில் ஒரு பகுதி வந்தது, சேர்க்கையும் தொடங்கியது. ஆனால் புதிதாக எந்தக் குழந்தையும் பள்ளிக்குள் வரவில்லை. ஜூனிலேயே அந்தந்தப் பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளில் தகுதியுள்ளோரைப் பொறுக்கி எடுத்து, அவர்கள் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள்.

அதாவது, ஜூனில் முதல் தவணை கட்ட முடிந்த பெற்றோருக்குத்தான் அக்டோபரில் இலவச இடம் கிடைத்தது. ஜூனில் கையில் பணமில்லாத வீட்டுப் பிள்ளை அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட ஒரு சட்டப்பிரிவு அந்த ஆண்டு முதல் தவணை கட்டிய ரசீதைத் தகுதியாகக் கேட்டது. அதிகாரிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆண்டின் நடுவில் வேறு எதைச் செய்திருக்க முடியும் என்று கேட்டால் எங்களிடமும் நல்ல பதில் இல்லை. அந்த அக்டோபர், இந்தத் திட்டம் எதன்மேல் நிற்கிறது என்பதைக் கொஞ்சம் பட்டவர்த்தனமாகக் காட்டிவிட்டது, அவ்வளவுதான்.

அரசு பள்ளிகளை நடத்த வேண்டியதில்லை, செலவுக்கு ஈடான வவுச்சரைப் பெற்றோர் கையில் கொடுத்தால் போதும் என்ற யோசனை, மில்டன் ஃப்ரீட்மன் 1955-இல் எழுதிய கட்டுரையிலிருந்து உலகம் சுற்றி வருகிறது. நம் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் அந்தச் சொல் எழுந்தாலே ‘அது இங்கே வரவிட மாட்டோம்’ என்ற முழக்கம் கேட்கும். அது வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு வேறென்ன? அரசு பணம் கொடுக்கிறது, பெற்றோர் பள்ளியைத் தேர்கிறார்கள், பணம் பிள்ளையின் பின்னால் போகிறது. வவுச்சர் என்ற பெயர் மட்டும் இல்லை.

எவ்வளவு பணம் என்பதைச் சட்டம் ஒரே வரியில் சொல்கிறது. அரசு தன் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, அந்தத் தனியார் பள்ளி வாங்கும் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. இந்தக் கணக்கின் உள்ளே ஒரு விசித்திரம் இருக்கிறது. அரசின் தலைக்கான செலவு என்பது மொத்தச் செலவை மொத்தப் பிள்ளைகளால் வகுத்து வருவது. ஈராசிரியர் பள்ளியில் நாற்பது பிள்ளைகள் இருபதாகக் குறைந்தால் இரண்டு ஆசிரியர்களின் சம்பளம் குறையப் போவதில்லை. தலைக்கான செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். மாநிலம் முழுக்க இப்படிப் பிள்ளைகள் வெளியே போகப் போக, தனியார் பள்ளிக்குத் தரக்கூடிய தொகையின் உச்சவரம்பு தானாகவே உயரும். நம் அரசுப் பள்ளி காலியாவதற்கு எதிர்த்தெருப் பள்ளிக்கு ஊக்கத்தொகை கொடுப்பது போன்ற இந்த வகுத்தலைச் சட்டசபையில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

சரி, போகிற பிள்ளை யார்? ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் நலிவடைந்த பிரிவினர் ஒரு வகை. வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர் மற்றொரு வகை. இரண்டாவதில் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் எல்லோரும் அடக்கம். அவர்களுக்குச் சாதிச் சான்று இருந்தால் போதும். தமிழ்நாட்டில் இந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆகவே வறுமையை விட, சான்றிதழ்களைத் தயாராக வைத்திருப்பதும், இ-சேவை மையத்தில் எந்தப் பள்ளியை எந்தப் பட்டியலில் தேடுவது என்று தெரிந்திருப்பதும், வீடு பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பதும் முக்கியமாகிவிடுகின்றன. செங்கல் சூளைக்கு ஆறு மாதம் போய்த் திரும்பும் குடும்பத்துக்கு இருப்பிடச் சான்று வாங்குவதே ஒரு வேலை. அந்தப் பிள்ளை நம் பள்ளிக்குத்தான் வருகிறது, எந்தச் சான்றும் இல்லாமல், ஆகஸ்டில், சில நேரம் ஜனவரியில். இன்னொரு பக்கம், சிறுபான்மை நிறுவனங்களுக்கு 2012, 2014 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்ததால், பெற்றோர் ஆசைப்படும் பேர்பெற்ற பள்ளிகளில் பல இந்த வளையத்துக்குள்ளேயே இல்லை. சுமையில் பெரும்பங்கைத் தாங்குவது தெருமுனை நர்சரிகளும் நடுத்தர மெட்ரிக் பள்ளிகளும்தான். அரசிடமிருந்து பணம் ஓராண்டு, சில நேரம் அதற்கும் மேல் தாமதமாக வரும்போது அங்கே முதலில் நிற்பது ஆசிரியையின் சம்பளம். அவர்களில் பலர் பி.எட். முடித்தவர்கள், நம் சகோதரிகள், இந்த இதழைப் படிப்பவர்கள்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று நம் அலுவலக அறையிலேயே நடக்கிறது. தலைமையாசிரியர் எவரும் இந்த உரையாடலைக் கேட்காமல் ஒரு மே மாதத்தைக் கடந்திருக்க முடியாது.

“டீச்சர், இங்க எல்கேஜி இருக்குங்களா?”

“இல்லம்மா, ஒண்ணாம் வகுப்புலேருந்துதான். அஞ்சு வயசு ஆகணும்.”

“இப்பதான் மூணரை ஆகுது. அதுவரைக்கும் எங்க விடறது? நானும் வேலைக்குப் போறேனே.”

அந்தத் தாய் நல்ல பள்ளி, கெட்ட பள்ளி என்று எடைபோடவில்லை. ஆங்கில வழியா தமிழ் வழியா என்றுகூட இன்னும் கேட்கவில்லை. பிள்ளையைக் காலை ஒன்பது மணிக்கு விட ஓர் இடம் கேட்கிறாள். நம்மிடம் இல்லை. நர்சரிக்குப் போகிறாள். அங்கே எல்கேஜி, யுகேஜி முடித்த பிள்ளை வண்டிக்கும் டைக்கும் பழகிவிட்ட பிறகு, இரண்டாண்டு கழித்து நாம் மார்ச் 1-ஆம் தேதியே சேர்க்கையைத் தொடங்கி, பேனர் பிடித்து, பேரணி போய், காலை உணவையும் ஸ்மார்ட் வகுப்பையும் சொல்லிக் கூப்பிடுகிறோம். அப்படியே மனம் மாறி ஒரு பெற்றோர் வந்தாலும், கட்டண பாக்கி என்று சொல்லி பிள்ளையின் எமிஸ் பதிவு எண்ணை வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும்படி ‘காமன் பூல்’ பக்கம் தள்ளாமல் இழுத்தடிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. பாக்கியை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியும் இந்த நிலைதான்.

12(1)(சி) பிரிவு நுழைவு வகுப்பைப் பற்றியது. மழலையர் வகுப்பு நடத்தும் பள்ளியில் அந்த வகுப்பிலிருந்தே ஒதுக்கீடு என்கிறது சட்டம். ஆக, அரசு தன் பள்ளிகளில் பெரும்பாலும் தராத ஒரு வகுப்பைத் தனியாரிடம் விலைக்கு வாங்குகிறது. வாங்கிய பிறகு அடுத்த எட்டு வகுப்புகளுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறது. அந்த எட்டும் நம்மிடம் இருக்கின்றன. பொதுப்பள்ளியா தனியார் பள்ளியா என்ற சண்டையில் தரம், ஒழுக்கம், ஆசிரியர் வருகை என்று நாம் அடுக்கும் காரணங்கள் எல்லாம் அந்த முதல் வாசலுக்குப் பின்னால் வருபவை.

இதை அரசு அறியாமலில்லை. 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். தொடக்கப் பள்ளிகளிலிருந்து இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள், அதை நம் சங்கங்கள் எதிர்த்தன. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. மழலையர் வகுப்புக்கான பயிற்சி வேறு, தொடக்கப் பள்ளியிலிருந்து ஆசிரியரை எடுத்தால் அங்கே வகுப்பு காலி. ஆனால் எதிர்த்த நாம் மாற்றாக எதையும் அழுத்திக் கேட்கவில்லை என்பதும் உண்மை. 2022-இல் அந்த வகுப்புகளை நிறுத்தும் முடிவு வந்தது, கண்டனம் எழுந்ததும் சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்கள் என்று ஏற்பாடாயிற்று. தெருமுனை நர்சரி தரும் சம்பளத்தைச் சுரண்டல் என்று எழுதும் நாம் இந்த 5,000-க்கு என்ன பெயர் வைப்பது? அங்கன்வாடி சமூக நலத்துறையின் கையில், பள்ளி பள்ளிக் கல்வித்துறையின் கையில். ஒரே மதில் சுவருக்குள் மூன்று வயதுப் பிள்ளையும் ஆறு வயதுப் பிள்ளையும் இரண்டு துறைகளின் பதிவேட்டில் இருக்கிறார்கள்.

தனியார் பள்ளி உண்மையில் கூடுதலாகக் கற்றுத் தருகிறதா என்ற கேள்விக்கு நம் பக்கத்து மண்ணிலேயே ஒரு நல்ல சோதனை நடந்திருக்கிறது. ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2008-இல் தொடங்கி 180 கிராமங்களில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்தியது. எந்தக் கிராமத்துக்கு வவுச்சர், அங்கே எந்தப் பிள்ளைக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. நான்காண்டு கழித்துப் பார்த்தபோது தெலுங்கிலும் கணக்கிலும் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைக்கும் அரசுப் பள்ளியில் இருந்த பிள்ளைக்கும் வித்தியாசமில்லை. அரசுத் தொடக்கப் பள்ளியில் இல்லாத இந்தியில் மட்டும் தெளிவான முன்னேற்றம். இதை நம் தோழர்கள் மேடையில் சொல்வார்கள், கைதட்டல் விழும். சொல்லாமல் விடும் பாதி ஒன்று உண்டு. தனியார் பள்ளிகள் தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைந்த நேரமே ஒதுக்கி அதே மதிப்பெண்ணை எட்டின. ஒரு பிள்ளைக்கான செலவும் அரசுப் பள்ளியில் ஆவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வவுச்சர் வாங்கிப் போகாமல் அரசுப் பள்ளியிலேயே தங்கிய பிள்ளைகளின் படிப்பும் இதனால் கெடவில்லை. செலவு குறைந்தது ஆசிரியர் சம்பளத்தில்தான் என்பது சரியான பதில். ஆனால் அது முழுப் பதில் ஆகாது. நேரத்தை எப்படிச் செலவிட்டார்கள் என்ற கேள்வி நிற்கிறது. பதிவேடு, செயலி, கணக்கெடுப்பு என்று நம் நேரம் போகும் வழியைத் துறையிடம் சொல்லிக் காட்ட இந்த ஆய்வை விட நல்ல சான்று வேறு இல்லை.

சிலி நாடு 1981-இலிருந்து முழு நாட்டையும் வவுச்சரில் விட்டது. மானியம் பெறும் பள்ளிகள் லாபம் பார்க்கலாம், பிள்ளையைத் தேர்ந்தெடுக்கலாம், 1993-க்குப் பிறகு பெற்றோரிடம் கூடுதல் கட்டணமும் வாங்கலாம் என்று இருந்ததில் வசதியுள்ள பிள்ளைகள் ஒருபக்கம், ஏழைகள் நகராட்சிப் பள்ளிகளில் ஒருபக்கம் என்று பிரிந்தார்கள். 2008-இல் ஏழைப் பிள்ளைக்குக் கூடுதல் தொகை, 2015-இல் லாபத்துக்கும் தேர்வுக்கும் கூடுதல் கட்டணத்துக்கும் முடிவு என்று சட்டங்கள் போட வேண்டி வந்தது. நம் சட்டம் தேர்வு நடத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டது. அந்த அளவில் நாம் தேவலை.

கர்நாடகம் 2019-இல் எடுத்த வழியை இங்கேயும் எடுக்க வேண்டும் என்று நம்மில் பலர் சொல்கிறார்கள். அருகில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளி ஒதுக்கீடு தர வேண்டியதில்லை என்று அங்கே விதியை மாற்றினார்கள். லட்சத்தைத் தாண்டியிருந்த சேர்க்கை சில ஆயிரங்களாகச் சுருங்கியது. மகாராஷ்டிரம் 2024 பிப்ரவரியில் அதையே செய்தது, அதே ஆண்டு ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. எங்களுக்கு இந்த வழியில் உடன்பாடில்லை. கதவை மூடினால் பிள்ளை நம்மிடம் வந்துவிடும் என்பது நம் நினைப்பு. மூன்றரை வயதுப் பிள்ளையோடு நிற்கும் அந்தத் தாய்க்கு நாம் அப்போதும் ‘அஞ்சு வயசு ஆகட்டும்’ என்றுதான் சொல்லப் போகிறோம். அவள் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுவாள்.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் நடப்பதை யாரும் கவனிப்பதில்லை. சட்டத்தின் உரிமை அத்தோடு தீர்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு முழுக் கட்டணம். கட்ட முடியாதவர்கள் ஜூன் மாதம் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வருகிறார்கள். பத்தாண்டு பழகிய நண்பர்களை விட்டு, சிலர் பயிற்றுமொழியையும் மாற்றிக்கொண்டு. இந்தத் திரும்பலை மாநில அரசு முன்பே எதிர்பார்த்திருக்கிறது என்பதற்கு அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தரும் சட்டமே சாட்சி. ஆறு முதல் எட்டு வரை தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மாணவருக்கும் அதில் இடமுண்டு. இந்தச் செய்தி எட்டாம் வகுப்புப் பெற்றோரில் எத்தனை பேர் காதுக்குப் போயிருக்கிறது?

மெட்ரிக் பள்ளி முதல்வர்களிடம் ஒரு வேண்டுகோள். எட்டாம் வகுப்பில் இந்த ஒதுக்கீட்டில் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலை மார்ச் மாதமே அருகிலுள்ள அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். கேட்டு வராத பட்டியல் என்று அவர் அதை மேசையில் போட்டுவைக்காமல், கோடை விடுமுறைக்கு முன் அந்தப் பெற்றோரை ஒருமுறை பள்ளிக்கு அழைக்கட்டும்.

தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு வேறு வேலை. வரும் மே மாதம் எல்கேஜி கேட்டு வந்து திரும்பிப் போகும் ஒவ்வொரு பெற்றோரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பிள்ளையின் வயது, தெரு, எந்தப் பள்ளிக்குப் போனார்கள் என்ற மூன்று விவரம் போதும். அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். நிரந்தரப் பணியிடத்தோடு, மழலையர் கல்விப் பயிற்சி பெற்ற ஆசிரியரோடு, அங்கன்வாடியை ஒட்டியல்லாமல் தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பாகவே எல்கேஜி வேண்டும் என்று கேட்க, சங்கத் தீர்மானங்களை விட அந்த நோட்டுக்குத்தான் கனம் அதிகம்.