அழிக்கும் உரிமையும் மீட்கும் ஒத்திகையும்

தரவுத்தளத்திலிருந்து பதிவுகள் தவறுதலாக அழிந்துவிட்டால், ஊழியர் மேலும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று கூறி முடித்துவிடுவது அலுவலக வழக்கம். இதனாற் பயனில்லை. கவனம் மாலை ஐந்து மணிக்குத் தளர்ந்துவிடும் பொருள். ஏற்பாடுகளே பதிவுகளைக் காக்கும்.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது உதியன்குளங்கரை. 1956 நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு முதலிய தென் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்ததே தவிர மக்களின் பெயர்கள் பிரியவில்லை. இத்தகைய ஊரில் ஒரே பெயருடையோர் பலர் இருத்தல் இயல்பு. அங்கே ஒரு பள்ளியின் மாணவர் பட்டியலைக் கருதுக. மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்ற சுனிலின் பதிவை நீக்க முற்படும் எழுத்தர், சேர்க்கை எண்ணை விடுத்துப் பெயரை மட்டும் குறித்து 'டெலிட்' கட்டளை இடுவாராயின், சுனில்கள் அனைவரும் நீங்குவர். 'வேர்' என்னும் நிபந்தனையையே விட்டுவிட்டாலோ பட்டியல் முழுவதும் காலியாகும். கணிப்பொறி மறுப்புக் கூறாது.

ஆதலின், அதே நிபந்தனையை முதலில் 'செலக்ட்' கட்டளையில் இட்டு எத்தனை வரிகள் வருகின்றன என்று காண வேண்டும். 'பிகின்' என்று தொடங்கிய பின்னரே நீக்க வேண்டும். எண்ணிக்கை ஒத்திருந்தால் 'கமிட்', இல்லையேல் 'ரோல்பேக்'. இதனினும் மேலானது, நீக்கும் உரிமையையே எழுத்தருக்கு அளியாது, 'விலகினார்' என்று குறிக்க மட்டும் இடமளித்தல். பழைய சேர்க்கைப் பதிவேட்டில் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பார்களேயன்றித் தாளைக் கிழிப்பதில்லை அன்றோ?

காப்புப் பிரதி இருக்கிறதே என்பார் சிலர். 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர், துணைத் தளத்தில் இருப்பதாக எண்ணி முதன்மைத் தளத்தின் கோப்புகளை நீக்கினார். சுமார் 300 கிகாபைட் தரவு மறைந்தது. நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய பிரதியோ, மென்பொருளின் பதிப்பு வேறுபாட்டால் எடுக்கப்படாமலே இருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. வேறொரு சோதனையின் பொருட்டு ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்திருந்த பிரதியே கைகொடுத்தது. உடனுக்குடன் படியெடுக்கும் இரண்டாம் தளத்தையும் காப்பாகக் கொள்ளலாகாது; அழிவும் உடனுக்குடன் படியெடுக்கப்படும்.

மீட்டுப் பாராத பிரதியைப் பிரதி என்று கணக்கிடுதல் தவறு. பருவத்திற்கு ஒருமுறையேனும் அதனை வேறொரு கணிப்பொறியில் ஏற்றி, வகுப்புவாரியாக வருகைப் பதிவேட்டுடன் எண்ணிக்கையை ஒப்பிட்டு, நாளிட்டுத் தலைமையாசிரியர் கையொப்பமிடல் வேண்டும். இதற்கு ஒரு பிற்பகல் போதும்.